நமது மலையின் அறிக்கை நமது கையில் இருக்க வேண்டும்



டித்வா புயலுக்குப் பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் மேல்மாடியில் நாம் கூடினோம். வந்திருந்தவர்கள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். வெள்ளவத்தையில் புடவைக் கடையில் நிற்பவர்கள், கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடையில் மூட்டை தூக்குபவர்கள், ஹோட்டலில் கொத்து போடுபவர்கள், வீடுகளில் வேலைக்கு நிற்கும் பெண் பிள்ளைகள். ஊருக்கு அனுப்ப அரிசி, பருப்பு, பால்மா, போர்வை எல்லாம் சேர்த்தாயிற்று. லொறியும் பேசியாயிற்று. கணக்கு முடித்து எழும்பும் நேரத்தில், வெள்ளவத்தையில் வேலை செய்யும் ஒரு தங்கை கேட்டாள்: "சேர், அரிசி அனுப்ப லொறி பிடிச்சிட்டோம். லயத்தை அந்த இடத்திலயிருந்து எடுக்கிறதுக்கு யாரைப் பிடிக்கிறது?"

அன்று நம்மிடம் அதற்குச் சரியான பதில் இருக்கவில்லை. அமைச்சரைப் பிடிக்கலாம், துரையைப் பிடிக்கலாம், சங்கத் தலைவரைப் பிடிக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். அந்தத் தங்கை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டாள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது இங்கே எழுதுகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலைநாடெங்கும் மண் சரிந்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்டதும் லயத்தில் இருக்கும் நமக்கு முதலில் வந்த யோசனை என்ன? "நம்ம பேர்ல வீடும் இல்ல, காணியும் இல்ல. நமக்கு எப்படி வரும்?" என்பதுதான். பணம் இருக்கும் இடத்துக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் ஒரு கடதாசி நிற்கிறது. அந்தக் கடதாசியை இனியாவது நாமே தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

மீரியபெத்தை சொல்லும் பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்த நேரத்தில் மலை இறங்கியது. லயங்கள் இருந்த இடமே தெரியாமல் போனது. திரும்பி வந்த பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போன பலரின் உடல்கள் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அந்த மலை ஆபத்தானது என்பது அன்று காலையில்தான் தெரிய வந்ததா? இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அந்த இடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. சனங்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. எழுதியவர்களுக்குத் தெரியும், அனுப்பப்பட்ட அலுவலகங்களுக்குத் தெரியும். ஒன்பது வருடம் அது கோப்புக்குள் இருந்தது. போக இடமும் இல்லை, கட்டிக் கொடுக்கப் பணமும் ஒதுக்கப்படவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, 2016 ஒக்டோபரில், மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அந்தக் காணி 2011இலும் அங்கேதான் இருந்தது. அந்த 75 வீட்டையும் அப்போதே கட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகாவது நாம் திருந்தினோமா? 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து பெருந்தொகையானோர் இறந்த அதே நாளில்தான், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து நமது ஆட்கள் செத்துப் போனார்கள். பின்னர் 2025. ஒவ்வொரு தடவையும் நாம் இரங்கல் கூட்டம் வைத்தோம், நிவாரணம் சேர்த்தோம், மகஜர் கொடுத்தோம். தொழிற்சங்கங்கள் என்ற வகையில் நமக்கும் இதில் பங்கு உண்டு. சம்பளத்துக்காக எத்தனை பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தோம்! ஒரு மலையின் அறிக்கையைக் கேட்டு எத்தனை தடவை உட்கார்ந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

கொழும்புக்கு எப்படிக் கிடைத்தது?

கொழும்பிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறோம். 2010 நவம்பரில் பெய்த மழையில் கொழும்பு மிதந்தது. பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. அதன் பின் 2012இல் உலக வங்கி, கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்துக்கு 21 கோடி 30 இலட்சம் டொலர் கடன் கொடுத்தது. வெள்ளம் வடியும் கால்வாய்கள் திருத்தப்பட்டன. கொட்டாஞ்சேனைக்கு அடுத்துள்ள முகத்துவாரத்தில் வெள்ளத்தைக் கடலுக்குத் திருப்பும் சுரங்கக் கால்வாய் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். வெள்ளவத்தையில் கடலில் விழும் கால்வாயை நமது பிள்ளைகள் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்கள். அது எவ்வளவு தண்ணீரை எத்தனை மணித்தியாலத்தில் கடத்தும் என்பதற்குக் கணக்கு உண்டு.

கொழும்பு தலைநகரம், அதனால் கிடைத்தது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் போதாது. எங்கே எவ்வளவு மழை பெய்தது, எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் போனது, எந்தக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது, திருத்த என்ன செலவு, திருத்தினால் யாருக்கு என்ன நன்மை என்று எழுதி வைத்திருந்தார்கள். பணம் கொடுப்பவன் கேட்ட அன்று காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது.

அதே கொழும்பில் அது இல்லாத ஏழைகளின் கதையும் இருக்கிறது. மீதொட்டமுல்லையில் குப்பை மேட்டை அகற்றச் சொல்லி சனங்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அந்தக் குப்பை மேடு சரிந்து 30க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆகவே ஆபத்தில் இருப்பது மலையகத் தமிழர் மட்டுமல்ல. எவனுடைய வீடு கணக்கில் இல்லையோ, எவனுடைய குரல் கோப்பில் ஏறவில்லையோ, அவன்தான் முதலில் மண்ணுக்குள் போகிறான்.

பணம் எங்கே இருக்கிறது?

"பணம் இல்லை" என்பதுதான் நாம் எப்போதும் கேட்கும் பதில். அது முழு உண்மையல்ல. மண்சரிவைத் தடுக்கவும், காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் சனங்களைப் பாதுகாக்கவும் என்றே பணம் வந்துகொண்டிருக்கிறது.

ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019இல் மண்சரிவு அபாயத்தைக் குறைக்கும் வேலைக்காக இலங்கைக்கு 8 கோடி டொலர் கடன் அனுமதித்தது. அதை நடத்துவது மேலே சொன்ன அதே கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஆய்வு செய்து பட்டியலில் ஏறிய சரிவுகளில்தான் வேலை நடக்கும். பட்டியலில் இல்லாத மலைக்கு ஒரு சதமும் வராது.

பசுமைக் காலநிலை நிதியம் என்று ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டில் உருவான ஒரு பெரிய நிதியம் உண்டு. அதன் தலைமையகம் தென்கொரியாவில். நக்கிள்ஸ் மலைத்தொடர் பகுதிக்காக 2020இல் அது அனுமதித்த திட்டத்தின் பெயரிலேயே "பெருந்தோட்டச் சமூகங்கள்" என்ற சொல் இருக்கிறது. நமது பெயரால் பணம் வருகிறது, தோழர்களே. ஆனால் அந்தப் பெயருக்குரிய நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இந்த நிதியங்கள் ஒரு தோட்டத்துக்கு நேரடியாகக் காசு கொடுப்பதில்லை. அமைச்சுகள், சர்வதேச நிறுவனங்கள் ஊடாகத்தான் வரும். ஆனால் திட்டம் எழுதும்போது "சனங்களிடம் கருத்துக் கேட்டோம்" என்று அவர்கள் காட்டியாக வேண்டும். அப்படிக் கேட்க வரும் நாளில் நாம் கொழுந்து மலையில் நிற்போம். யாரோ நான்கு பேர் கையெழுத்து வைப்பார்கள். கூட்டம் முடிந்துவிடும். அந்த நாளில் நமது கையில் எழுதிய திட்டம் ஒன்று இருந்தால் நிலைமை வேறு.

சிறிய அமைப்புகளுக்கே கொடுக்கும் பணமும் உண்டு. உலக சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1990களிலிருந்து இலங்கையில் கிராமிய அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரடியாக மானியம் கொடுத்து வருகிறது. இது கடனல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

நமது பக்கத்திலேயே இருப்பது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க விடாமல் பல வருடம் தடையாக இருந்தது. நமது வாக்கு வேண்டும், நமது கான் வேண்டாம் என்ற நிலை. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய முடியாது" என்று இனி யாராவது சொன்னால், அது பழைய கதை என்று சட்டத்தைக் காட்டிச் சொல்லலாம். சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறும். நமது கோரிக்கை ஓகஸ்ட், செப்டெம்பரில் உள்ளே போக வேண்டும். ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த வருடம் வா என்பார்கள்.

நமக்கு ஏன் திரும்பி வந்தது?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நாமே அடிபட்டவர்கள். சில வருடங்களுக்கு முன் நமது பணிய லயத்துக்குப் பின்னால் இருக்கும் கானைத் திருத்தவும், மண் இறங்கும் இடத்தில் கல் கட்டவும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம். இரண்டு பக்கத்துக்கு உருக்கமாக எழுதினோம். இருநூறு வருடமாக இந்த நாட்டுக்கு உழைத்தோம் என்றெல்லாம் எழுதினோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அவர்கள் கேட்டது மூன்றே கேள்வி. அந்தக் காணியில் வேலை செய்ய உரியவரின் சம்மதக் கடிதம் எங்கே? விண்ணப்பிக்கும் சங்கத்தின் பதிவு இலக்கமும் வங்கிக் கணக்கும் எங்கே? அந்த இடம் ஆபத்தானது என்பதற்கு என்ன ஆதாரம்?

நமக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தோம். இந்த மூன்றும் எந்தத் தோட்டத்துக்கும் வரும் பூட்டு. மூன்றுக்கும் சாவி தேடலாம்.

முதல் பூட்டு காணி. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கையில். நமக்கு உறுதியும் இல்லை, குத்தகையும் இல்லை. காணியுரிமை வேண்டும் என்ற போராட்டத்தை ஒரு நாளும் கைவிட மாட்டோம். ஆனால் அது கிடைக்கும் வரை கானும் மதிலும் காத்திருக்க வேண்டியதில்லை. கான் திருத்த, மதில் கட்ட, மழைமானி வைக்க உறுதி தேவையில்லை, சம்மதக் கடிதம் போதும். துரையிடம் வாயால் கேட்டால் "பார்ப்போம்" என்பார். எழுத்தில் கேட்டு, பிரதி ஒன்றைப் பிரதேச செயலாளருக்கும் அனுப்பினால், "இல்லை" என்பதையும் அவர் எழுத்தில் சொல்ல வேண்டி வரும். ஆபத்தான லயத்துக்குப் பாதுகாப்பு வேலை செய்ய முடியாது என்று எழுத்தில் கையெழுத்து வைக்கும் துணிவு எந்தத் துரைக்கும் லேசில் வராது.

இரண்டாவது பூட்டு அமைப்பு. தொழிற்சங்கம் சந்தா வாங்கும், வழக்குப் பேசும். ஆனால் இப்படிப்பட்ட மானியத்தைப் பெரும்பாலும் தொழிற்சங்கத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். நமது தோட்டங்களில் அமைப்புக்குக் குறைவில்லை. மரண உதவிச் சங்கம் இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது. பல இடங்களில் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. அதற்குப் பதிவும் கணக்கும் உண்டு, ஆனால் துரை தலைவராக இருக்கும் இடங்களில் தொழிலாளி கூட்டத்துக்கே போவதில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்க முன், இருப்பதில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். மாதாமாதம் பிழையில்லாமல் கணக்குக் காட்டும் மரண உதவிச் சங்கம் ஒன்று இருந்தால், அதைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்து, இரண்டு பேர் கையெழுத்தோடு வங்கிக் கணக்குத் திறந்தால் பாதி வேலை முடிந்தது. பிள்ளையின் சாவு வீட்டுக்குக் காசு கொடுக்கத் தெரிந்த சங்கத்துக்கு, பிள்ளை சாகாமல் இருக்கக் கான் வெட்டவும் தெரியும்.

மூன்றாவது பூட்டுத்தான் முக்கியம். ஆதாரம். அதை விரிவாகச் சொல்கிறோம்.

அளந்து எழுதுவோம்

மகஜர் ஒன்று எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். "எமது தோட்ட மக்கள் பெரும் இன்னல்களை அனுபவிப்பதால் தாங்கள் ஆவன செய்யுமாறு..." வாங்குபவர் படிக்காமலேயே கோப்பில் போடுவார். அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள். "மேட்டு லயத்தில் 12 குடும்பம், 51 பேர். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் 6 பேர், நடக்க முடியாத வயதானவர்கள் 3 பேர். லயத்துக்குப் பின்னால் 80 அடி நீளத்துக்குக் கான் உடைந்து தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது. மேலே தேயிலைக்குள் ஒரு வெடிப்பு இருக்கிறது. ஜூன் மாதம் விரல் அளவு இருந்தது, ஒக்டோபரில் கை போகிறது." இது உதாரணத்துக்குச் சொன்னதுதான். ஆனால் இப்படி ஒன்று மேசைக்கு வந்தால், வாசிக்கும் அதிகாரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பின்னால் "தெரியாது" என்று சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

எதையெல்லாம் பார்த்து எழுத வேண்டும்? நிலத்தில், சுவரில், சீமெந்துத் தரையில் புதிதாக வரும் வெடிப்பு. சாய்ந்து போகும் மரம், கம்பம். இல்லாத இடத்தில் திடீரென்று வரும் ஊற்று. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி வருவது, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்று போவது. இவற்றை நம்மைவிட நன்றாக யார் பார்ப்பார்கள்? ஒவ்வொரு நாளும் அந்த மலையில் ஏறி இறங்குவது நமது தாய்மார்தான். எந்தக் கான் எப்போது உடைந்தது, எந்த மேட்டில் செடி சாய்ந்தது என்று கொழுந்து எடுக்கும் அக்காமாருக்குத் தெரிந்த அளவு எந்த எஞ்சினியருக்கும் தெரியாது. அவர்கள் சொல்வதை எழுத ஒரு கொப்பி வேண்டும். எழுத எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும். திகதி போட வேண்டும், போனில் ஒரு படம் எடுக்க வேண்டும், அடுத்த மாதம் அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுக்க வேண்டும். ஆறு மாதம் இப்படிச் செய்தால் அது ஆதாரம்.

மழையையும் அளக்க வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு இதுதான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், அது மஞ்சள். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், அது செம்மஞ்சள். 150 மில்லிமீற்றர் என்றால் உடனே வெளியேற வேண்டும், அது சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டும். அங்குலத்தில் சொன்னால் மூன்று, நான்கு, ஆறு. அடியும் வாயும் ஒரே அகலமான, நேரான பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் போதும். நிறுவனம் கொடுக்கும் மழைமானி கிடைத்தால் இன்னும் நல்லது. பாடசாலையில் ஒன்று, பிள்ளைக் காம்பராவில் ஒன்று வைப்போம். ரேடியோவில் சொல்வது மாவட்டத்துக்கான மழை. நமது மலைக்கு எவ்வளவு பெய்தது என்பதை நாம் அளந்தால்தான் தெரியும். அந்த அளவு இரவில் உயிரைக் காப்பாற்றும். அதே அளவை ஒரு வருடம் எழுதி வைத்தால் விண்ணப்பத்துக்கும் பலம்.

இவ்வளவும் இருந்தாலும் நிபுணரின் அறிக்கை ஒன்று வேண்டும். பிரதேச செயலகம் ஊடாகக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதினால் வந்து பார்ப்பார்கள். பல லயங்களுக்கு ஏற்கெனவே வந்து பார்த்தும் இருக்கிறார்கள். அறிக்கை பிரதேச செயலகத்திலும் தோட்ட ஆபீசிலும் கிடக்கும், லயத்தில் இருப்பவருக்குக் காட்டப்பட்டிருக்காது. மீரியபெத்தையில் நடந்தது அதுதானே!

இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. "எங்கள் லயம் இருக்கும் மலையைப் பற்றி உங்களிடம் என்ன அறிக்கை இருக்கிறது?" இந்த ஒரு வரிக் கேள்வியை ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் அனுப்ப வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்களுக்கு

இனி அந்தத் தங்கைக்கும் அவளோடு கொழும்பில் இருக்கும் நமது பிள்ளைகளுக்கும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் கொழும்பு 5, ஜாவத்தை வீதியில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து எவ்வளவு தூரம்? உங்கள் அம்மா தூங்கும் லயத்துக்கு மேல் இருக்கும் மலையைப் பற்றிய படமும் கணக்கும் வைத்திருக்கும் கட்டடம், நீங்கள் வேலை செய்யும் கடையிலிருந்து ஒரு சின்ன பஸ் பயணம். மலையிலிருந்து அதற்கு வர ஒரு நாள் கொழுந்துச் சம்பளமும் பஸ் காசும் போகும். உங்களுக்கு அரை நாள் லீவு போதும்.

நீங்கள் கடையில் பில் போடுகிறீர்கள், ஸ்டொக் எடுக்கிறீர்கள், கணினியில் டைப் பண்ணுகிறீர்கள், சிங்களம் சரளமாகப் பேசுகிறீர்கள், சிலர் ஆங்கிலத்திலும் சமாளிக்கிறீர்கள். விண்ணப்பப் படிவத்துக்குத் தேவையானதும் அதே திறமைதான். தோட்டத்திலிருந்து கொப்பியின் பக்கங்கள் வட்ஸ்அப்பில் வரட்டும். நீங்கள் அதை ஒழுங்காக எழுதி, அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிப் பிரதியை ஊருக்கு அனுப்புங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு அறை, வெள்ளவத்தையில் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு கணினி. இதைச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எங்களைக் கேளுங்கள்.

இரண்டு கேள்விகள்

ஒரு மூத்த தோட்டத் தலைவர் நம்மிடம் கேட்டார்: "லயத்தைப் பாதுகாக்க வேண்டியது கம்பனியும் அரசாங்கமும். நாம ஏன் திட்டம் எழுதிப் பிச்சை எடுக்கணும்? அப்போ அவங்க தப்பிச்சிடுவாங்களே." நியாயமான கேள்வி. பொறுப்பு அவர்களுடையதுதான், அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் விளக்குக் காலத்து லயத்தில் நம்மை இன்னும் வைத்திருப்பவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவர்கள் தப்பிப்பது எப்படி என்று பாருங்கள். ஆபத்து எழுத்தில் இல்லாதபோது தப்பிக்கிறார்கள். எழுத்தில் இருந்தும் சனங்கள் கையில் இல்லாதபோதும் தப்பிக்கிறார்கள். அளவும் அறிக்கையும் முத்திரை வைத்த பிரதியும் நமது கையில் இருந்தால், அதைப் பேச்சுவார்த்தை மேசையிலும் வைக்கலாம், மனித உரிமை ஆணைக்குழுவிலும் வைக்கலாம், நீதிமன்றத்திலும் வைக்கலாம். பணம் கேட்கத் தயாரித்த கடதாசிதான் உரிமை கேட்கவும் உதவும்.

இரண்டாவது கேள்வி, பெண்கள் கேட்டது: "காசு வந்தா யார் கையில இருக்கும்?" இதையும் மறைக்காமல் பேச வேண்டும். கட்சிக்காரர் பட்டியலில் இருந்தால் தகரம், இல்லாவிட்டால் இல்லை என்று நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். நமது சங்கம் உட்பட எந்தச் சங்கத்துக்காரருக்கும் முன்னுரிமை கூடாது. எந்த லயம் அதிக ஆபத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் முதல் வேலை, அங்கே இருப்பவர் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும் சரி. மண் சரியும்போது சந்தாத் துண்டைப் பார்த்துச் சரிவதில்லை. வங்கிக் கணக்கில் கையெழுத்து வைக்கும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வந்த காசும் செலவான காசும் மாதாமாதம் பிரட்டுக் களத்தில் எழுதி ஒட்டப்படட்டும். ஒரு சிறிய மானியத்துக்குச் சரியான கணக்குக் காட்டிய சங்கத்தைத்தான் அடுத்த பெரிய வேலைக்கு நம்புவார்கள்.

இதை எல்லாம் செய்தாலும் முதல் விண்ணப்பத்திலேயே கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நமக்கே ஒரு தடவை திரும்பி வந்தது. கிடைக்காத வருடத்திலும் கான் வெட்டிச் சுத்தம் செய்யலாம், மழையை அளக்கலாம், இரவில் எந்தப் பாதையால் யாரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று பேசி வைக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒவ்வொரு காம்பராக் கதவிலும் எழுதி வைக்கலாம். அதற்கு எந்த நிதியமும் தேவையில்லை.

அடுத்த சந்தாக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் மூன்று விடயத்துக்குப் பதில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தோட்டத்தில் எந்த லயம் அதிக ஆபத்தில் இருக்கிறது, அதில் எத்தனை பேர்? அந்த மலைக்கு அறிக்கை இருக்கிறதா, அதன் பிரதி யாரிடம்? விண்ணப்பிக்கத் தகுதியான பதிவுள்ள சங்கம் எது?

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்கு நமது பதில் இதுதான். முதலில் மலையின் அறிக்கையைப் பிடிப்போம். அதைக் கையில் வைத்துக்கொண்டு துரையையும் சபையையும் அமைச்சரையும் பிடிப்போம். அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நீ வெள்ளவத்தையிலிருந்து தொடங்கு, நாங்கள் லயத்திலிருந்து தொடங்குகிறோம்.